வேதாரண்யத்தில் கடல், உப்பளம், முல்லைக் கொல்லை: எந்த மாதம் வரலாம்?

கேள்வி: பீளமேட்டுக்காரன்

அனைவருக்கும் வணக்கம். கோவையிலிருந்து எழுதுகிறேன். குடும்பத்துடன் வேதாரண்யம் வந்து இரண்டு இரவுகள் தங்கலாம் என்று எண்ணம். அம்மா, மனைவி, ஆறாம் வகுப்பில் ஒரு மகள், மூன்றாம் வகுப்பில் ஒரு மகன். அம்மாவுக்கு மறைக்காட்டு ஈசனைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மகள் பூநாரை பார்க்க வேண்டும் என்கிறாள். மகனுக்குக் கடலில் இறங்கினால் போதும்.

என் ஆசை வேறு. நான் கிணத்துக்கடவுப் பக்கத்தில் தக்காளியும் தென்னையும் பார்த்து வளர்ந்தவன். கடலைத் தொட்டபடி இருக்கும் மணலில் எப்படி மாவும் முல்லையும் விளைகின்றன என்பது எனக்குப் பெரிய வியப்பு. அதை நேரில் பார்த்து, செய்கிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உப்பளத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறேன்.

பொங்கல் விடுமுறையில் வரலாமா, மே மாதத்தில் வரலாமா? எந்தக் கடற்கரை குழந்தைகளுக்கு ஏற்றது? தெரியாத ஊரில் ஒருவருடைய கொல்லைக்குள் போய் நிற்பது முறையா, அதற்கென்று ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா? அந்தப் பக்கத்துக்காரர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: முல்லைக்கொல்லை

ஐயா, வணக்கம். நான் கருப்பம்புலத்தில் பிறந்து வளர்ந்தவள். பள்ளி ஆசிரியை. வீட்டில் முல்லைக் கொல்லையும் கொஞ்சம் மாமரங்களும் உண்டு. கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன்: பூநாரை, முல்லை, மாம்பழம், உப்பு ஆகிய நான்கும் ஒரே பயணத்தில் கிடைக்கமாட்டா. எங்கள் ஊருக்கு மழைக்காலத்தில் ஒரு முகம், வெயில் காலத்தில் வேறு முகம். எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்தால்தான் மனநிறைவோடு திரும்பலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையில் சதுப்பு நிலம் நிறைகிறது, பறவைகள் வருகின்றன. அதே மழையில் உப்புப் பாத்திகள் தண்ணீருக்குள் போய்விடும். தை மாதத்தில்தான் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்குவார்கள். முல்லைக்கோ ஜனவரிக் கடைசியில் கவாத்து. முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டிருப்போம். பொங்கலை ஒட்டி வந்து பூ எங்கே என்று கேட்பவர்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மொட்டுகளையும், அடுத்து வெட்டப்போகும் கொடிகளையும்தான் காட்ட முடியும். மாமரமும் அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருக்கும்.

வெட்டிய கொடி துளிர்த்து, மாசி கடந்து பங்குனியில் பூவுக்கு வரும். சித்திரை, வைகாசியில் கொல்லை முழுவதும் வெள்ளையாக இருக்கும். உப்பும் அந்த வெயிலில்தான் நன்றாக விளையும். மாம்பழமும் அப்போதுதான். ஆக நீங்கள் கொல்லையையும் உப்பளத்தையும் பார்க்க வருகிறவர் என்றால் மே மாதம் வாருங்கள். பூநாரையை வேறொரு தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மகளிடம் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரிக் கடைசியோ மார்ச் தொடக்கமோ நல்லது. ஆனால் பிள்ளைகளுக்கு அது தேர்வுக் காலம்.

நீங்கள் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது மணலில் எப்படி விளைகிறது என்பதுதான். வருகிறவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை. கொல்லைக்கு வந்ததும் பூவைப் பார்க்குமுன் தண்ணீர் எடுக்கும் குட்டையைக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் நிலம் கடலோரத்தில் நீள நீளமாகக் கிடக்கும் மணல்மேடு. பெய்கிற மழை அப்படியே மணலுக்குள் இறங்கிவிடுகிறது. கீழே இருப்பது உப்புநீர். மழைநீர் அதைவிட இலேசானது என்பதால், எண்ணெய் தண்ணீர்மேல் நிற்பதுபோல அதன்மேல் தங்கி நிற்கிறது. அந்த நல்ல நீர்தான் எங்கள் வாழ்வு. ஆழமில்லாமல் தோண்டி மேலாக எடுக்க வேண்டும். ஆசைப்பட்டு ஆழத்தில் குழாய் இறக்கி, பெரிய மோட்டாரால் இழுத்தால் கீழேயிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அப்படி ஏறிய கிணற்றில் மறுபடி நல்ல நீர் ஊற எத்தனையோ மழை பெய்ய வேண்டும். மேட்டில் இருக்கும் எங்களுக்கு உப்பு வரக்கூடாது. தாழ்வில் இருக்கும் அகஸ்தியம்பள்ளி உப்பளக்காரர்களுக்கு நல்ல நீர் வரக்கூடாது. இரண்டு பிழைப்பும் சில கிலோமீட்டர் இடைவெளியில் நடக்கின்றன. இதைப் பிள்ளைகள் ஒரே நாளில் கண்ணால் பார்க்கலாம் என்பதற்காகவே நீங்கள் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

கொல்லையைச் சுற்றிக்காட்டுவதற்கென்று சீட்டுக் கொடுத்து நடத்தும் ஏற்பாடு எதையும் எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், தேத்தாக்குடி, ஆதனூர் என்று எந்த ஊர்ச் சாலையில் போனாலும் வேலியோரம் நின்று, "அக்கா, உள்ளே வந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் வரச்சொல்வார்கள். ஆனால் நேரம் முக்கியம். முல்லையை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். மாலையில் விரிந்துவிட்டால் வியாபாரி எடுக்கமாட்டார். அதனால் இருட்டு விலகும் முன்பே கொல்லையில் ஆள் இருக்கும். ஆறு மணிக்கு வந்தால் பறிப்பதைப் பார்க்கலாம். பத்து மணிக்கு வந்தால் பச்சைச் செடியைத்தான் பார்ப்பீர்கள்.

பறிக்கிற பெண்களுக்குக் கூலி கிலோக் கணக்கில். ஒரு கிலோ சேர எத்தனை ஆயிரம் மொட்டு வேண்டும் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். அவர்களை நிறுத்திவைத்துப் படம் எடுத்தால் அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. பேச வேண்டுமானால் கூடவே நடந்து, பறித்துக்கொண்டே பேசுங்கள். மகளும் மகனும் பறிக்கட்டும், தவறில்லை. அதை அந்த அக்காவின் மடியிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். கிளம்பும்போது கொல்லைக்காரரிடம் பூ வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவும் உங்கள் மனைவியும் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகலாம்.

மாமரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையேதான் கரையேறியது. எங்கள் அப்பா வைத்து வளர்த்த மரங்கள் வேரோடு சாய்ந்தன. மணலில் ஆழமாகப் பிடித்து நிற்க எதுவும் இல்லை. அன்று காலை வாசலில் நின்று பார்த்தபோது, அதுவரை மரங்கள் மறைத்திருந்த பக்கத்து ஊர் தெரிந்தது. தென்னை வைத்திருந்தவர்கள் நிலை இன்னும் மோசம். கன்று வைத்துக் காய்ப்புக்குக் காத்திருக்கும் ஆண்டுகளுக்கு வருமானம் எங்கிருந்து வரும்? பலர் அப்போது முல்லையை நம்பித்தான் எழுந்தார்கள், நாங்களும் அப்படித்தான். நீங்கள் வரும் வழியில் தோப்புகள் இளமரங்களாக இருந்தால் காரணம் இதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சாலையோரத்தில் மாம்பழம் விற்கும் தோப்புக்காரரிடம் வாங்குங்கள், பேரம் வேண்டாம்.

உப்பளம் அகஸ்தியம்பள்ளியில். ஊரிலிருந்து கோடியக்கரை போகும் சாலையிலேயே இருக்கிறது. அங்கும் காலைதான் நேரம். வெயில் ஏறினால் வெள்ளைப் பரப்பில் கண் கூசும். அதனால் வாருகிறவர்கள் விடியும் முன்பே தொடங்கி, பாதிக் காலையில் முடித்துவிடுவார்கள். கடல்நீர் மூன்று டிகிரியில் இருக்கும் (இது சூடு இல்லை, நீரில் உப்பின் செறிவைக் காட்டும் போமே அளவு). பாத்தி பாத்தியாக மாற்றி, காயவைத்து, இருபத்தைந்து டிகிரி வந்த பிறகுதான் உப்பு கட்டும். அதற்கு முந்திய பாத்திகளில் ஜிப்சம் தனியே படிந்துவிடும். இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடம் போகாத முதியவர்கூட உங்கள் மகளுக்குச் சொல்லித்தருவார். வரப்பில் மட்டும் நடக்க வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கக்கூடாது. தரையில் படியும் அழுக்கு அப்படியே உப்பில் சேரும்.

அங்கேயே உப்பு சத்தியாக்கிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தொண்டர்களுடன் நடந்து புறப்பட்டார். 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். வழியில் யாரும் சோறும் இடமும் கொடுக்கக்கூடாது என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் தடை போட்டிருந்தார். அதை மீறி மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர் வேதரத்தினம் பிள்ளை எல்லா ஏற்பாட்டையும் முன்னின்று செய்து, அதற்கான தண்டனையையும் ஏற்றார். முகம் மழிக்க வந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும், பாதி மழித்த நிலையில் எழுந்துகொண்டு சிறைக்குப் போன நாவிதர் வைரப்பனும் இந்த ஊர்தான். நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வைரப்பனைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். துண்டும் கத்தியும் கொண்டு பிழைத்த ஒருவர் தன் தொழிலையே மறுப்பாக மாற்றினார் என்பது பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

கடலைப் பற்றிக் கடற்கரைக்காரர்கள் சொல்லட்டும்.

பதில்: ஆறுகாட்டுத்துறை

அக்கா சொன்னபின் கடலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் குடும்பம் ஃபைபர் படகு வைத்திருக்கிறது.

கோயிலுக்கு நேர் கிழக்கே போனால் சன்னதிக் கடல். அமாவாசைக்குத் தீர்த்தமாடும் இடம். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் கூட்டம் தாங்காது. ஆனால் அங்கே கரையோரம் சேறு. கஜா புயலும் ஏராளமான சேற்றைக் கொண்டுவந்து இந்தக் கரையில் கொட்டியது. அம்மா தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்ள அது போதும், பையன் விளையாட அது ஏற்ற இடம் இல்லை.

பையனைக் கோடியக்கரைக்கு அழைத்துப்போங்கள். வங்கக் கடலும் பாக் நீரிணையும் சேரும் முனை அது. மணல் நன்றாக இருக்கும். கரையோரம் முழங்கால் அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு உண்டு, எந்தப் பக்கம் இழுக்கும் என்று அன்றன்று மாறும். கரையில் இருக்கும் மீனவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மே மாதம் வந்தால் மீன் இருக்காது என்று நினைக்க வேண்டாம், எங்கள் ஃபைபர் படகுகள் போகும். காலையில் ஆறுகாட்டுத்துறைக்கு வந்தால் படகுகள் கரையேறுவதையும் ஏலம் விடுவதையும் பார்க்கலாம். ஏலம் நடக்கும்போது குறுக்கே வந்து விலை கேட்க வேண்டாம். முடிந்த பிறகு கூடையில் எடுத்துவைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் வாங்குங்கள். தங்கும் விடுதியில் சமைத்துத் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வலை பிரித்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கலாம், வலையை மிதிக்காமல் இருந்தால் போதும்.

கோடியக்கரையின் உண்மையான மும்முரத்தைப் பார்க்க ஆசையென்றால் அக்டோபரிலிருந்து மார்ச் வரை வர வேண்டும். வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து குடிசை போட்டுத் தங்குவார்கள். காலா மீன், வாவல் மீன், நண்டு என்று கரை நிறைந்திருக்கும். மணல் முழுவதும் கருவாடு காயும்.

பதில்: திருச்சி_பறவைநோக்கி

மகளுக்காக எழுதுகிறேன். மே மாதம் பூநாரை இல்லை என்பது சரிதான். ஆனால் கோடியக்கரைக் காட்டில் அப்போதும் அவளுக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. 1967இல் சரணாலயமாக அறிவித்ததே முதன்மையாக வெளிமான்களுக்காக. முறுக்கிய கொம்புடைய கருநிற ஆண்மானை ஒருமுறை புல்வெளியில் பார்த்துவிட்டால் அவள் பூநாரையைக் கொஞ்ச நாள் மறந்துவிடுவாள். புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, காட்டிலேயே திரியும் மட்டக்குதிரைகள் எல்லாம் உண்டு. காலை ஆறரைக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் போங்கள். நண்பகலில் எல்லாம் நிழலுக்குள் போய்விடும்.

ராமர் பாதம் என்ற மேடு சரணாலயத்தில் உயரமான இடம். மேலே ஏறினால் காடு முழுவதும் தெரியும். வயதானவர்களும் மெதுவாக ஏறலாம். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்ட கட்டடம் 2004 சுனாமியில் விழுந்துவிட்டது, இப்போது இடிபாடுதான்.

மே மாதத்தில் பாலை மரம் பழுத்திருக்கும். மஞ்சளாகச் சிறிய பழம், தொண்டையில் பிசுபிசுக்கும் இனிப்பு. சரணாலயத்துக்குள் அதைப் பறிக்கக்கூடாது. அது பறவைகளுக்கும் நரிகளுக்கும் உரிய தீனி.

தை மாதம் வரும்போது பூநாரைக்குக் கோவைத்தீவு, பம்ப் ஹவுஸ் பக்கம் என்று கேளுங்கள். எங்கே நிற்கின்றன என்பது அந்த ஆண்டுத் தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. மழை அளவுக்கு மீறினால் ஆழம் கூடி அவை வேறிடம் போய்விடும். வனத்துறையினரைக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. கையில் இருநோக்கி இல்லாவிட்டால் தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடுதான் தெரியும். இந்த ஈரநிலம் 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டி வருகிறார்கள். வளையம் மாட்டிய பறவை ஒன்றை உங்கள் மகள் பார்த்தால் அது எவ்வளவு தொலைவு பறந்து வந்திருக்கும் என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: பீளமேட்டுக்காரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மே மாதம் என்று முடிவு செய்துவிட்டேன். மகளிடம் வெளிமான் பற்றிச் சொன்னேன், சமாதானமாகிவிட்டாள். இன்னும் இரண்டு ஐயங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. விடியலில் கொல்லை, பிறகு உப்பளம் என்று அலைந்தால் அவர் தாங்குவாரா? கோவையிலிருந்து கார் இல்லாமல் வரலாமா? முல்லைக்கொல்லை அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கொல்லையைக் காட்டுகிறவர்களுக்குப் பணம் கொடுத்தால் வருத்தப்படுவார்களா?

பதில்: முல்லைக்கொல்லை

பணம் நீட்டினால் பலர் வாங்கமாட்டார்கள், முகம் சுருங்கும். அதற்குப் பதிலாகப் பூவையோ மாம்பழத்தையோ கேட்ட விலைக்கு வாங்குங்கள். பறிக்கிற அக்காவுக்குத் தனியே ஏதாவது கொடுக்க விரும்பினால், அவர் நேரத்தை எடுத்துக்கொண்டதற்காக என்று சொல்லிக் கொடுங்கள். அது கூலி, தாராளமாக வாங்கிக்கொள்வார். நீங்களும் தோட்டக்காரர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிணத்துக்கடவில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் உங்களைக் கேட்பார்கள். ஆயிரம் அடிக்குக் கீழே போய்த் துளைக்கும் ஊர்கள் உங்கள் பக்கம் உண்டு என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அந்தப் பேச்சிலேயே கொல்லை முழுவதையும் காட்டிவிடுவார்கள்.

அம்மாவை முதல் நாள் விடியலில் அலைக்கழிக்க வேண்டாம். நீங்கள் பிள்ளைகளோடு கொல்லைக்குப் போங்கள், அவர் ஓய்வெடுக்கட்டும். வெயில் தணிந்த பிறகு மாலையில் கோயில். அப்பர் பாடிக் கதவைத் திறந்ததும் சம்பந்தர் பாடி அடைத்ததும் அவருக்கே தெரிந்திருக்கும். யாழைப் பழித்த மொழியம்மை சந்நிதியில் அவரை நிதானமாக உட்காரவிடுங்கள். வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள், அந்த விளக்கைப் பார்க்க இருட்டும் நேரம்தான் நல்லது. மறுநாள் காலை உப்பளம் வேண்டாமென்றால் அவர் நினைவுத்தூண் அருகே வண்டியிலேயே இருக்கலாம், பாத்திகள் சாலையிலிருந்தே தெரியும். அன்று மாலை எல்லோரும் கோடியக்கரை.

கார் இல்லாமல் வரலாம். கோவையிலிருந்து மன்னார்குடிக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ் இரவில் புறப்படுகிறது. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாகப் பஸ். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் அகல ரயில்பாதையை 2023 ஏப்ரலில் திறந்தார்கள். கரியாப்பட்டினம், நெய்விளக்கு, தோப்புத்துறை என்று ஊர் ஊராக வரும் ரயில். ஓடும் நாளையும் நேரத்தையும் பார்த்து அமைந்தால் அதில் வாருங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஊருக்குள் ஓர் ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம். கோடியக்கரையில் வனத்துறையின் பூநாரை இல்லம் என்ற தங்கும் விடுதி இருக்கிறது. முன்பதிவு செய்யாமல் அதை நம்பி வர வேண்டாம்.

கடைசியாக, மே மாத வெயில் எங்களுக்கே கடினம். பதினொன்றிலிருந்து நான்கு வரை எங்கும் போகாமல் அறையில் இருங்கள். உப்பளத்துக்குப் பிள்ளைகள் மூடிய காலணி போட்டுக்கொள்ளட்டும், காலில் சிறு கீறல் இருந்தாலும் அந்த நீர் பட்டால் எரியும். குடிதண்ணீரைக் கையோடு எடுத்துவாருங்கள். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். அந்த வாரம் எந்தக் கொல்லையில் பூ அதிகம் என்று கேட்டுச் சொல்கிறேன்.